அவள் கேட்டது சின்னதாக ஒன்று

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லப் போகிற கெடுதலில் பாதிக்கு அதுதான் காரணம். மீதிப் பாதிக்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம்.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். தையல்காரர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே என் கடை இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். வருவதெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர்கள். படம் பார்க்க, பிள்ளைகள் பாடம் படிக்க, வெளியூரில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேச வைத்திருக்கும் பழைய பெட்டிகள். அவற்றில் திருட்டு சாப்ட்வேர் போட மாட்டேன் என்பது என் கொள்கை. ஊர் உலகத்தில் நல்ல மனுஷர்கள் எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்து, சும்மாவே கொடுக்கிற மென்பொருள் கொட்டிக் கிடக்கிறது. அப்புறம் எதற்குத் திருட வேண்டும் என்று வருகிறவர்களிடம் கரடியாகக் கத்துவேன்.

போன வருடம் ஒரு ஆள் திருட்டு சாப்ட்வேர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். "எல்லாரும் போட்டுத் தர்றாங்க, நீ மட்டும் என்ன பெரிய யோக்கியனா?" என்றார். சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினேன். கண்ணாடிக் கதவில் மோதி அவர் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. தையல்காரர் ஓடி வந்து துணி வைத்துக் கட்டினார்.

"உங்க கடைக்கு வர்றவங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் வரணும் போல இருக்கே" என்றார் தையல்காரர். நானும் சிரித்தேன். கதவில் இருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு அன்று மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன்.

என் தங்கை கடைக்கு வந்தது ஒரு வெயில் நேரத்தில். காய்கறிப் பைக்குள் லேப்டாப்பை வைத்து, மேலே ஒரு கட்டு கீரையைப் போட்டு மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். நான்கு தெரு தள்ளித்தான் வீடு என்றாலும் அவள் என் கடைக்கு வருவது அபூர்வம்.

"அண்ணா, எனக்கு எழுதறதுக்கு ஒண்ணு போட்டுக் குடு. சின்னதா இருந்தா போதும். திறந்தா வெள்ளையா ஒரு பக்கம் வரணும். எழுதணும், மூடணும். வேற ஒண்ணும் வேணாம்."

"என்ன எழுதப் போற? கதையா?"

அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். பிறகு தோள்வரை ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். மேல்கையில் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் அச்சு எடுத்தது போல நீலமாகப் பதிந்திருந்தன. அதற்குக் கீழே பழைய தடங்கள் மஞ்சளாகக் கிடந்தன.

மாப்பிள்ளை லாரிகளுக்கு பிரேக் வேலை செய்கிறவர். நாள் முழுக்க ஸ்பேனர் பிடிக்கிற கை. அந்தக் கையில் நானே எத்தனையோ முறை டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். ஒன்பது வருடமாக என் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

நான் எழுந்துவிட்டேன். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அது இருப்பது எனக்கே தெரியாது, அவள்தான் அதைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

"உக்காரு. இதுக்குத்தான் இத்தனை வருஷமா உங்கிட்ட சொல்லல. நான் ஒரு வக்கீலம்மாவப் பாத்துட்டேன். தேதி போட்டு எழுதணுமாம். என்ன நடந்துச்சு, எதால அடிச்சாரு, யாரு பாத்தாங்க, எல்லாம். போட்டோவும் வேணும். அது இருந்தா குட்டி எங்கூட இருப்பா. இல்லன்னா அவரு வேலை பாக்கறவரு, நான் வீட்டுல இருக்கறவ. புள்ளைய அவருகிட்டதான் குடுப்பாங்களாம்."

"எழுதிக்கிட்டு இரு. நான் போயி அவன் கைய ஒடச்சுட்டு வரேன்."

"நீ கை நீட்டினா அன்னிக்கே கேஸ் போச்சு. குட்டியும் போயிடுவா. வக்கீலம்மா இத ரெண்டு தடவ சொன்னாங்க. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பல்லைக் கடித்துக்கொண்டு பண்ணினேன்.

அவளுடைய போனை மாப்பிள்ளை தினமும் வாங்கிப் பார்ப்பாராம். யாரிடம் பேசினாள், என்ன படம் எடுத்தாள், எல்லாம். லேப்டாப் மட்டும் அவருக்குப் பெரிய டிவி மாதிரி. சண்டைப் படம் போட்டுப் பார்ப்பார், மூடிவிட்டுப் போவார். அதனால் அதில் எழுதலாம், அதில் இருக்கிற கேமராவிலேயே முதுகைக் காட்டிப் படமும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவளே யோசித்து வைத்திருந்தாள்.

நான் லேப்டாப்பைத் திறந்து, ஏற்கெனவே அதில் இருந்த சின்ன நோட்டு மென்பொருளைக் காட்டினேன். வெள்ளைப் பக்கம், ஓரமாக ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. அவள் முகம் தெளிந்தது.

"இதேதான். இது போதும்."

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் நான் இருபது வருடமாக இலவச மென்பொருளுக்குக் கொடி பிடிக்கிறவன். பிரமாதமான ஒரு பெரிய தொகுப்பு சும்மா கிடைக்கும்போது, என் சொந்தத் தங்கை இந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு உட்காருவதா?

"இதுல போட்டோ வைக்க முடியாது."

"போட்டோ தனியா இருக்கட்டும்."

"எந்தப் போட்டோ எந்தத் தேதின்னு நாளைக்கு யாரு தேடறது? உனக்கு ஒண்ணும் தெரியாது. நகரு" என்று அவள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிக்கொண்டேன். நான் சொன்ன காரணம் தப்பில்லை. ஆனால் அதற்காக மட்டும் நான் அதைப் போடவில்லை. கடிதம் எழுத ஒன்று, அட்டவணைக்கு ஒன்று, படம் வரைய ஒன்று, மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒன்று, கணிதச் சூத்திரம் எழுத ஒன்று என்று எல்லாம் சேர்ந்த மூட்டையை ஏற்றினேன். அவள் கேட்டது ஒரு அறை, நான் ஆறு மாடி கட்டிக் கொடுத்தேன். திரையில் அதைத் திறக்கத் தட்டுகிற படத்தைப் பெரிதாக, கண்ணில் படும்படி வைத்தேன். எனக்கு அதில் பெருமை வேறு.

பூட்டு போடலாமா என்றேன். "வேணாம். பூட்டு இருந்தா உள்ள என்னன்னு கேப்பாரு" என்றாள். அது சரிதான். குட்டியின் பாடங்கள் இருக்கும் இடத்தில், நான்கு அடுக்கு உள்ளே, 'பெருக்கல் வாய்ப்பாடு' என்று பெயர் வைத்துக் கோப்பை ஒளித்தோம். அந்தக் கோப்பையே நேராகத் தட்டித் திறக்கக் கற்றுக் கொடுத்தேன். இருப்பதிலேயே மோசமான போட்டோவை முதல் பக்கத்தில் வை, நீதிபதி அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் நான்தான்.

"ஒரு காப்பி எங்கிட்ட இருக்கட்டும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ எடுத்துட்டு வா."

"மாட்டேன். நீ படிப்ப. படிச்சா நீ சும்மா இருக்க மாட்ட" என்றாள். கீரைக் கட்டை மறுபடி மேலே வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மாதம் எழுதினாள். பழையதை நினைவிலிருந்து எழுதினாள், புதியதை அன்றன்றே எழுதினாள். அந்த இரண்டு மாதத்தில் மட்டும் பதினோரு முறை அடி விழுந்திருக்கிறது. நான் கடையில் உட்கார்ந்து மற்றவர்களிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். சத்தியம் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை லேப்டாப்போடு வக்கீலம்மாவிடம் போவதாக இருந்தாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்தது.

அன்று காலை மாப்பிள்ளைக்கு யாரோ உதிரி பாகங்களின் பட்டியல் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். நான் பெருமையாகப் பெரிதாக வைத்த படத்தைத் தட்டியிருக்கிறார்.

அந்த மென்பொருளைத் தனியாகத் திறந்தால் முதலில் ஒரு முகப்பு வரும். கடைசியாக எந்தெந்தக் கோப்பில் வேலை செய்தோமோ, அவற்றின் முதல் பக்கத்தையெல்லாம் சின்னச் சின்னப் படமாக அது வரிசையாகக் காட்டும். நான்கு அடுக்கு உள்ளே ஒளித்து வைத்தாலும் வாசலில் கொண்டுவந்து காட்டும். உபகாரமாகச் செய்கிற காரியம்தான். ஒரு நிமிஷத்தில் அதை நிறுத்தி வைத்திருக்கலாம். ஆயிரம் தடவை பார்த்துப் பழகியதால் அது ஒன்று இருப்பதே என் மண்டையில் ஏறவில்லை. என் தங்கை கோப்பை நேராகவே திறந்ததால் அந்த முகப்பை ஒரு நாளும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை பார்த்தார். முதல் படமே அவளுடைய முதுகு. அதில் இருந்த தடம் அவர் போட்டதாயிற்றே, தெரியாமல் போகுமா?

சமையலறையில் இருந்தவளைக் கூப்பிட்டிருக்கிறார். சத்தமே போடவில்லையாம். "வா, உக்காரு. வாசிச்சுக் காட்டு" என்றாராம். அவள் ஒவ்வொரு தேதியாக வாசித்தாள். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு அறை விழுந்தது. ஒரு இடத்தில் நிறுத்தி, "பொய் எழுதியிருக்க. அன்னிக்கு ஒரு தடவதான் அடிச்சேன்" என்றாராம். "ரெண்டு தடவை" என்றாளாம் இவள். அதற்கு இரண்டு அறை விழுந்தது. உதடு கிழிந்து விசைப்பலகையில் ரத்தம் சொட்டியது. அதைத் துடைக்கச் சொல்லி மறுபடி வாசிக்க வைத்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும், "எந்தக் கையால எழுதின?" என்று கேட்டாராம். வலது கையைப் பலகைமேல் வைக்கச் சொல்லி மூடியை அறைந்து மூடினார். பிறகு முழங்காலை மேலே ஊன்றி அழுத்தினார். மூன்றாவது முறை எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

எனக்குப் போன் செய்தது குட்டி.

"மாமா, அப்பா அம்மா கைய லேப்டாப்புக்குள்ள வச்சு மூடுறாரு. அம்மா கத்தவே இல்ல. நீ வா."

நான்கு தெருவை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. தங்கை தரையில், சுவரில் சாய்ந்து கிடந்தாள். வலது கை மடியில் இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. லேப்டாப் காலால் மிதிபட்டுத் திரை ஒரு பக்கம், அடிப்பாகம் ஒரு பக்கமாகக் கிடந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஓய்ந்துவிட்டிருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. நான் உள்ளே போனபோது அங்கே அடி நின்றுபோயிருந்தது.

"வாங்க மச்சான். தங்கச்சி எழுதினத நீங்களும் படிச்சீங்களா?" என்றார்.

என் காலடியில் லேப்டாப்பின் சார்ஜர் கிடந்தது. வயரைப் பிடித்துச் சுழற்றினேன். செங்கல் துண்டு போல இருக்கிற அதன் கட்டி அவர் தாடையில் விழுந்தது. பாட்டில் பறந்தது, அவர் நாற்காலியோடு சாய்ந்தார். எழ முயன்றபோது வாயில் அடித்தேன். பல் உடைவது கையில் தெரிந்தது. அவர் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் பிடித்து, "மச்சான், போதும், போதும்" என்றார். அந்தக் கைகளையே அடித்தேன். பிறகு வயர் அறுந்துவிட்டது. காலால் மிதித்தேன். விலாவில், இடுப்பில், மறுபடி முகத்தில்.

"அண்ணா, வேணாம்! நிறுத்து! குட்டி பாக்கறா!" என்று என் தங்கை கத்தினாள். கையை நசுக்கியபோது கத்தாதவள் அப்போது கத்தினாள். காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே விழுந்தது. இரண்டு மாதமாகத் தொண்டையில் இருந்த முள் இறங்கிக்கொண்டிருந்தது, எனக்கு அது இன்பமாக இருந்தது. மாடி வீட்டிலிருந்து இரண்டு ஆண்கள் வந்து என் இடுப்பைப் பிடித்து இழுக்கும்வரை நான் நிறுத்தவில்லை. அவர்களில் ஒருவருக்கும் என் முழங்கையால் ஒன்று விழுந்தது.

போலீஸ் வந்தது. மாப்பிள்ளை ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார், என் தங்கை இன்னொன்றுக்குப் போனாள், நான் ஸ்டேஷனுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை ஜாமீனில் வெளியே வந்தேன். வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். உடைந்த லேப்டாப்பை தையல்காரர் போய் வாங்கி வைத்திருந்தார்.

எத்தனையோ செத்த பெட்டிகளிலிருந்து எத்தனையோ கோப்புகளை எடுத்திருக்கிறேன். பழைய மாதிரி டிஸ்க்காக இருந்திருந்தால் ஏதாவது வழி இருந்திருக்கும். இதில் இருந்தது விரல் நீளத்துக்கு ஒரு சின்ன அட்டை. அது அவருடைய செருப்புக் குதிகாலுக்குக் கீழே போய், நினைவு வைத்திருக்கிற சில்லின் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சூடு காட்டினேன், கம்பி ஒட்டினேன். புதன்கிழமை மத்தியானம்வரை விடாமல் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் திரும்பி வரவில்லை.

வக்கீலம்மா கடைக்கே வந்தார். உட்கார நாற்காலி கொடுத்தேன், உட்காரவில்லை.

"குட்டி யாருகிட்ட இருக்கணும்னு வெள்ளிக்கிழமை விசாரணை. அவங்க தரப்புல போட்டோ குடுத்தாச்சு. மூணு பல்லு, தாடை எலும்பு, ரெண்டு விலா. நம்மகிட்ட என்ன இருக்கு?"

"அவ கை ஒடஞ்சிருக்கே. அதவிட என்ன வேணும்?"

"நீங்க வந்து கலாட்டா பண்ணினப்ப நாற்காலி விழுந்து ஒடஞ்சதுன்னு அவரு சொல்றாரு. நீங்க கலாட்டா பண்ணினதுக்குச் சாட்சி இருக்கு. அவரு அடிச்சதுக்கு ஒரு ஏழு வயசுப் புள்ளதான் சாட்சி. அந்தப் புள்ள ஞாயித்துக்கிழமையிலேருந்து பேச மாட்டேங்குது." கொஞ்ச நேரம் என் கடையைச் சுற்றிப் பார்த்தார். "உங்கள எட்டி நிக்கச் சொல்லித்தானே தங்கச்சிகிட்ட சொல்லி அனுப்பினேன்? அது ஒண்ணுதானே கேட்டேன்?"

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடையிலிருந்த ஒரு பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டேன். தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. உதட்டில் நான்கு தையல். குட்டி பெண்கள் விடுதியில் இருந்தாள், வக்கீலம்மாதான் ஏற்பாடு செய்திருந்தார்.

"கோப்பு போச்சு" என்றேன். "எல்லாம் போச்சு. நான்தான்..."

"அத அப்புறம் அழலாம். நான் சொல்றேன், நீ எழுது. தேதி எல்லாம் எனக்கு மனப்பாடம். அவரே வாசிக்க வச்சாரே." அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை, தையல் இழுத்தது.

நோட்டு மென்பொருளைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம் வந்தது. அவள் காத்திருக்கவில்லை, தேதியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் படிக்கக் கொடுக்க மாட்டேன் என்றவள் இப்போது ஒவ்வொன்றாகச் சொன்னாள். குட்டி வயிற்றில் இருந்தபோது மாடிப்படியில் தள்ளியது. ரப்பர் குழாய். பிரேக் எண்ணெய் டப்பா. சோறு ஆறிப்போயிருந்ததற்காகத் தட்டோடு முகத்தில் அழுத்தியது. நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, நன்றாகச் சாப்பிட்டு, ஜோக் சொல்லிச் சிரித்துவிட்டுக் கிளம்பிய ஒரு நாளில், நான் தெருமுனை திரும்புவதற்குள் விழுந்த அடி. "அன்னிக்கு நீ அவர கேலி பண்ணின, ஞாபகம் இருக்கா?" என்றாள். இருந்தது. அதையும் எழுதினேன். கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினேன். நடுவே ஒரு முறை லேப்டாப்பை ஓங்கிக் குத்தப் போனேன். அவள் பேச்சை நிறுத்தி, என் கை இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அடுத்த தேதியைச் சொன்னாள்.

மத்தியானம் தாண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தோம். மூடியை மூன்று முறை மூடியதுவரை எழுதிவிட்டு, "அவ்ளோதானே?" என்றேன்.

"இல்ல. எழுது. அதன் பிறகு என் அண்ணன் வந்தார்."

விரல் நின்றுவிட்டது.

"இது எதுக்கு?"

"நடந்துச்சு இல்ல? எழுது. என் கணவர் அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். என் அண்ணன் அவரை சார்ஜரால் அடித்தார். அவர் கீழே விழுந்து போதும் என்று சொன்ன பிறகும் அடித்தார். நான் ஐந்து முறை நிறுத்தச் சொன்னேன்."

"அஞ்சு தடவையா?"

"எண்ணினேன். எனக்கு எண்ணிப் பழகிப்போச்சு."

எழுதினேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் கணவர் என்னை அடித்தபோது என் மகள் பக்கத்திலேயே நின்றாள். போனை எடுத்து உதவிக்குக் கூப்பிட்டாள். என் அண்ணன் வந்த பிறகு அவள் துணி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது."

இது எனக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்து, தங்கைக்காக நியாயம் செய்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"கடைசில விலாசம் வேணும்" என்றாள். "நானும் என் மகளும் பெண்கள் விடுதியில் தங்குவோம், அப்படின்னு போடு."

"விடுதி எதுக்கு? என் வீட்டு மாடி ரூம ஒழிச்சு வச்சுடறேன். குட்டிக்கு ஜன்னல் பக்கமா மேஜ போட்டுடலாம். அங்க வேற யாரு இருக்கா? நான் ஒருத்தன்தானே."

"நீ ஒருத்தன்தான்" என்றாள். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. "அண்ணா, குட்டி நேத்திக்குத்தான் வாயத் திறந்தா. என்ன சொன்னா தெரியுமா? நான் மாமாவுக்குப் போன் பண்ணியிருக்கக் கூடாதும்மா, நான் பண்ணினதாலதான் அப்பா வாயில ரத்தம் வந்துச்சு, அப்படின்னு அழறா. நான் இத்தன பட்டும் அவ தப்பு எதுவுமில்லன்னு அவளுக்குச் சொல்லிச் சொல்லி வச்சிருந்தேன். நீ பத்து நிமிஷத்துல அத..." மேலே சொல்லாமல் இடது கையால் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

விடுதி விலாசத்தை எழுதினேன். அவள் மறுபடி முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். என்னைப் பற்றிய வரிகளில் நான் வேகமாகப் போனேன். "மெதுவா" என்றாள். மெதுவாக வாசித்தேன். பிறகு ஜெராக்ஸ் கடையில் மூன்று பிரதி அச்சடித்து வக்கீலம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று கை துடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை என்னை நீதிமன்றத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடையில் ஒரு பெரியவர் பேரனுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார். "எனக்கு நியூஸ் படிக்க மட்டும் ஏதாவது வச்சுக் குடுப்பா" என்றார். வேறு எதுவும் போடாமல் அதை மட்டும் வைத்துக் கொடுத்தேன். அவர் போவதற்கும் வக்கீலம்மாவின் போன் வருவதற்கும் சரியாக இருந்தது.

"கெடச்சிருச்சு. குட்டி அம்மாகூடத்தான் இருப்பா" என்றார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, எல்லாம் இப்போது உட்கார்ந்து இட்டுக்கட்டி எழுதியது என்றாராம். நீதிபதி கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தாராம். சொந்த அண்ணன் செய்ததையே ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தவள் மற்றதை மட்டும் ஏன் பொய்யாக எழுதப் போகிறாள் என்று கேட்டாராம். கை எலும்பு முறிந்த விதத்தைப் பற்றி டாக்டர் கொடுத்த அறிக்கையும் கூடவே பேசியிருக்கிறது.

"ரொம்ப நன்றிம்மா. சாயங்காலம் போய் குட்டியப் பாத்துட்டு வரேன்" என்றேன். எழுந்து சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினேன்.

அவர் போனை வைக்கவில்லை.

"உத்தரவுல ஒரு வரி இருக்கு. வாசிக்கறேன், கேளுங்க" என்றார் வக்கீலம்மா. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மறு உத்தரவு வரும்வரை, சிறுமி தங்கியிருக்கும் இடத்துக்கும் அவள் படிக்கும் பள்ளிக்கும் அவளுடைய தந்தையும் தாய்மாமனும் செல்லக் கூடாது."

"இது அவரு வக்கீல் கேட்டதா?"

"இல்ல" என்றார். "உங்க தங்கச்சி கேட்டது."